போனை இப்போதே மாற்றுவதா, ஓணம் வரை தள்ளுவதா? கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு கணக்கு

"அண்ணே, போன் ஹேங் ஆகுது. இப்பவே மாத்திரவா, இல்ல ஓணம் ஆஃபர் வரைக்கும் ஓட்டவா?"

கம்பம், கூடலூர், குமுளி வட்டாரத்தில் மழை தொடங்கிவிட்டால் இந்தக் கேள்வியும் தொடங்கிவிடும். தமிழ்நாடு, கேரள எல்லை ஊர்க்காரர்களுக்கு ஆஃபர் சீசன் ஒன்றல்ல, இரண்டு. மலை ஏறிக் கேரளத்துக்குப் போனால் ஆகஸ்ட், செப்டம்பரில் ஓணம். இறங்கினால் அக்டோபர், நவம்பரில் தீபாவளி. நடுவில் ஆன்லைன் கடைகளின் தள்ளுபடித் திருவிழா வேறு. ஓணத்தில் வாங்காதவர் தீபாவளிக்கு என்பார், தீபாவளியில் விட்டவர் பொங்கலுக்கு என்பார். போன் மட்டும் நாளுக்கு நாள் மெதுவாகிக்கொண்டே போகும்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளுபடி எந்தத் தேதியில் வருகிறது என்பதைவிட, உங்கள் போனுக்குச் செக்யூரிட்டி அப்டேட் (பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கக் கம்பெனி அனுப்பும் மென்பொருள்) எந்தத் தேதியோடு நின்றது என்பதைப் பார்த்து முடிவெடுங்கள். அப்டேட் வந்துகொண்டிருக்கும் போனை ரிப்பேர் செய்து ஓட்டலாம். நின்றுபோய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆன போனில் ஜிபே, பேங்க் ஆப் எல்லாம் வைத்திருப்பவர் எந்தப் பண்டிகைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

அப்டேட். செட்டிங்ஸில் 'அபவுட் போன்' போய், ஆண்ட்ராய்டு வெர்ஷனைத் தொட்டால் செக்யூரிட்டி அப்டேட் தேதி தெரியும். சில போன்களில் இது 'செக்யூரிட்டி' என்ற தலைப்பின் கீழ் இருக்கும். அந்தத் தேதி நாலைந்து மாதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. ஒரு வருஷத்தைத் தாண்டியிருந்தால் கம்பெனி அந்த மாடலைக் கைவிட்டுவிட்டது என்றே பெரும்பாலும் அர்த்தம்.

தொந்தரவு எங்கே இருக்கிறது. பேட்டரியா, ஸ்டோரேஜா, டிஸ்பிளேயா, டவரா? நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் "போன் சரியில்லை" என்று கடைக்குப் போனால், கடைக்காரர் புது போனைத்தான் காட்டுவார்.

மாதக் கணக்கு. விலையைப் பார்க்காதீர்கள், விலையை, போன் பாதுகாப்பாக ஓடப்போகும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள். 12,000 ரூபாய் போன் மூன்று வருஷம் வந்தால் மாதம் 333 ரூபாய். 18,000 ரூபாய் போன் ஐந்து வருஷம் வந்தால் மாதம் 300 ரூபாய்.

சர்வீஸ். கெட்டுப்போனால் எங்கே கொண்டுபோவீர்கள்? கம்பத்துக்காரருக்குத் தேனி. குமுளிக்காரருக்குக் கட்டப்பனை. அங்கே அந்தக் கம்பெனிக்குச் சர்வீஸ் சென்டர் இல்லையென்றால் மதுரைக்கோ கோட்டயத்துக்கோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டும். போன் விலையில் இது எங்கும் எழுதியிருக்காது.

## வழி ஒன்று: இருப்பதைச் சரிசெய்து ஓட்டுவது

போன் மாற்ற வேண்டும் என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்கு உண்மையில் பேட்டரிதான் மாற்ற வேண்டியிருக்கும். லித்தியம் அயன் பேட்டரி சுமார் 500 முறை முழுதாக ஏறி இறங்கினால் அதன் கொள்ளளவு 80 சதவீதம் அளவுக்குக் குறைந்துவிடும். (புதிய மாடல்கள் சிலவற்றில் இது 1,000 முறைவரை தாங்குகிறது.) தினமும் ஒரு முழு சார்ஜ் போடுபவருக்கு 500 என்பது ஒன்றரை வருஷக் கணக்கு. பேட்டரி தளர்ந்தால் சார்ஜ் நிற்காதது மட்டும் இல்லை, சில போன்கள் திடீரென அணைந்துவிடாமல் இருக்க வேகத்தையே குறைத்துக்கொள்ளும். "ஹேங் ஆகுது" என்ற புகாரின் பின்னால் சில நேரம் இருப்பது இதுதான்.

சாதாரண ஆண்ட்ராய்டு போனுக்குக் கம்பெனி பேட்டரி போட ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் வரை ஆகும். 1,500 ரூபாய் செலவழித்து இரண்டு வருஷம் ஓட்டினால் மாதம் 62 ரூபாய்தான். வேறு எந்த வழியும் இதன் பக்கத்தில்கூட வராது.

ஆனால் மலைக்குப் போய் வருகிறவர்கள் பேட்டரியை மாற்றுவதற்கு முன் ஒன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும். கம்பத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலையில் ஜீப் ஏறி, குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவோ ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவர்கள் "மதியத்துக்குள்ள சார்ஜ் இறங்கிருது" என்பார்கள். அதே போன் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்போது ராத்திரி வரை நிற்கும். அப்படியானால் பேட்டரியில் குறை இல்லை. டவர் தூரத்தில் இருந்தால் போன் அதிகச் சக்தியைச் செலவழித்துப் பேச வேண்டியிருக்கிறது. டவரே இல்லாவிட்டால் இடைவிடாமல் தேடிக்கொண்டிருக்கும். எல்லையில் இன்னொரு சங்கடமும் உண்டு: ஒரு சரிவில் தமிழ்நாட்டு டவர், அடுத்த வளைவில் கேரளா டவர் என்று மாறிக்கொண்டே இருக்கும். இந்த நிலையில் முப்பதாயிரம் ரூபாய் போன் வாங்கினாலும் தோட்டத்தில் சார்ஜ் இறங்கத்தான் செய்யும். டவர் கிடைக்காத இடத்தில் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. பேச்சு கிடைக்கிறது, நெட் மட்டும் நின்றுவிடுகிறது என்றால், 'டேட்டா ரோமிங்' ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். மலை மேல் பல போன்களுக்கு அதை ஆன் செய்தாலே நெட் வந்துவிடும்.

ஸ்டோரேஜ் விஷயம் இன்னும் எளிது. மெமரி நிரம்பி வழியும் போன் மெதுவாகத்தான் ஓடும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' திறந்து, குரூப்பில் வந்து குவிந்த காலை வணக்க வீடியோக்களை நீக்கினாலே பாதிப் பேரின் போன் மூச்சுவிடும்.

டிஸ்பிளே உடைந்திருந்தால்தான் கணக்கு இடறும். அமோலெட் டிஸ்பிளேயை ஒரிஜினலாகப் போட்டால், நாலு வருஷப் பழைய போனின் இன்றைய மதிப்பில் பாதிக்கு மேல் போய்விடும். "டூப்ளிகேட் காம்போ (டிஸ்பிளேயும் டச்சும் சேர்ந்தது) போட்டுத் தர்றேன், பாதி விலை" என்று கடையில் சொல்வார்கள். வெளிச்சம் மங்கலாக இருக்கும், திரைக்குள் இருக்கும் கைரேகை சென்சார் வேலை செய்யாமல் போகலாம், பேட்டரியும் சீக்கிரம் இறங்கலாம். ஒரு வருஷம் தள்ளினால் போதும் என்கிறவருக்கு இது பரவாயில்லை.

இது யாருக்கு: அப்டேட் இன்னும் வருகிறது, குறை பேட்டரியிலோ மெமரியிலோதான் என்பவர்களுக்கு. பேட்டரி உப்பிப் பின்மூடி தூக்கியிருந்தால் மட்டும் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று விடாதீர்கள். அன்றைக்கே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். தீப்பிடிக்கக்கூடியது அது.

## வழி இரண்டு: இப்போதே புதுசு

காத்திருந்தால் விலை இறங்கும் என்பது பல வருஷம் உண்மையாக இருந்தது. 2025 கடைசியிலிருந்து அந்த நம்பிக்கையைத் தளர்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. போனுக்குள் இருக்கும் ரேம், ஸ்டோரேஜ் சிப்புகளை உலகத்தில் ஒரு சில கம்பெனிகள்தான் பெரிய அளவில் தயாரிக்கின்றன: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் போன்றவை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு வேண்டிய மெமரியில் லாபம் அதிகம் என்பதால் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பினார்கள். போனுக்குப் போகும் மெமரி தட்டுப்பட்டது, விலை ஏறியது. பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய் போனில் லாபமே கொஞ்சம்தான் என்பதால் இந்த ஏற்றத்தைக் கம்பெனியால் விழுங்க முடியாது. விலையை ஏற்றும், அல்லது அதே விலைக்கு ரேமைக் குறைத்துக் கொடுக்கும். ஆகவே குறைந்த விலைப் போன் தேடுகிறவர் "ரெண்டு மாசம் பொறுத்தா இறங்கும்" என்று இருப்பது இப்போது சூதாட்டம் மாதிரிதான்.

வரியிலும் எதிர்பார்க்க ஒன்றும் இல்லை. 2020 ஏப்ரலில் போனுக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 18 சதவீதம் ஆனது. 2025 செப்டம்பரில் டிவிக்கும் ஏசிக்கும் வரியைக் குறைத்தபோதும் போனுக்கு 18 அப்படியே இருந்தது.

புது போனின் மறைமுகச் செலவுகளில் முதலாவது சார்ஜர். பல போன்கள் இப்போது பெட்டியில் கேபிளோடு மட்டும் வருகின்றன. அதன் பிறகு கவர், டெம்பர் கிளாஸ். அடுத்தது 'நோ காஸ்ட் இஎம்ஐ', அதாவது வட்டியில்லாத் தவணை என்று சொல்லப்படுவது. 20,000 ரூபாயை ஆறு மாதத் தவணையில், 15 சதவீத வட்டிக் கணக்கில் போட்டால் வட்டி சுமார் 850 ரூபாய். அதைத் தள்ளுபடியாகக் கழித்துவிடுவார்கள், சரி. ஆனால் அந்த வட்டிக்கு உண்டான 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில். அது 150 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. பிராசஸிங் கட்டணம் 199 என்று வைத்தால் வரியோடு 235. கிட்டத்தட்ட 390 ரூபாய் காஸ்ட், நோ காஸ்டுக்கு. பெரிய தொகை இல்லை, ஆனாலும் தெரிந்து கொடுப்பது நல்லது. தவணைக்காகவே பட்ஜெட்டைத் தாண்டி ஐயாயிரம் கூடுதலான போனைத் தூக்குகிறார்களே, நஷ்டம் அங்கேதான்.

எத்தனை வருஷம் அப்டேட் என்பதைக் கம்பெனிகள் இப்போது வெளிப்படையாகச் சொல்கின்றன. கூகுள் பிக்சல் 8, சாம்சங் எஸ்24 வந்ததிலிருந்து அந்த உயர்ரகப் போன்களுக்கு 7 வருஷம். சாம்சங் ஏ16 5ஜி போன்ற நடுத்தர விலைப் போனுக்கே 6 வருஷம் அறிவித்தார்கள். கடையில் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

இது யாருக்கு: அப்டேட் நின்றுபோன போனில் பணம் புழங்குகிறவர்களுக்கு. போடியிலோ புத்தடியிலோ ஏல மையத்தில் ஏலக்காய் விற்று, அக்கவுண்டுக்கு வந்த தொகையைப் போனிலேயே கூலியாட்களுக்குப் பிரித்துப் போடும் சிறு விவசாயி, பழைய ஆண்ட்ராய்டை வைத்துக்கொண்டு ஓணத்துக்காக நிற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டாயிரம் ரூபாய் தள்ளுபடிக்காக அக்கவுண்டையே திறந்து வைப்பதாக ஆகும். பேங்க் ஆப் "இந்த போனில் இயங்காது" என்று சொல்லத் தொடங்கிவிட்டாலும் அப்படியே. வாட்ஸ்அப்பும் இப்படிக் கைவிடும். 2025 ஜனவரியோடு ஆண்ட்ராய்டு 4 வகைப் போன்களில் அது நின்றது.

## வழி மூன்று: ஓணத்துக்கோ தீபாவளிக்கோ காத்திருப்பது

காத்திருப்பது பெரும்பாலும் பலிக்கிற ஓர் இடம் உண்டு: ஐபோன். வழக்கமாகச் செப்டம்பரில் புது மாடல் வரும், முந்தைய மாடலின் விலையைக் கம்பெனியே குறைக்கும். 2024இல் ஐபோன் 16 வந்தபோது 79,900 ரூபாயாக இருந்த ஐபோன் 15 விலை 69,900 ஆனது. 2025இல் ஐபோன் 17 வந்ததும் ஐபோன் 16க்கும் அதே பத்தாயிரம் இறங்கியது. ஜூலையில் ஐபோன் வாங்குகிறவரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

ஆண்ட்ராய்டில் பண்டிகைத் தள்ளுபடி உண்மைதான், ஆனால் அது பெரும்பாலும் போன் விலையில் இருக்காது. குறிப்பிட்ட பேங்க் கார்டுக்கு இவ்வளவு, எக்ஸ்சேஞ்சுக்குக் கூடுதலாக இவ்வளவு என்று பிரித்து வைத்திருப்பார்கள். அந்தக் கார்டும் இல்லை, கொடுக்கப் பழைய போனும் இல்லை என்றால், விளம்பரத்தில் போட்ட விலை உங்களுக்கு இல்லை. உங்கள் பழைய போனின் எக்ஸ்சேஞ்ச் மதிப்பும் இந்த மாதங்களில் சரிந்துகொண்டே இருக்கும். திரையில் ஒரு கோடு விழுந்துவிட்டாலோ தலைகுப்புற விழும். அட்டைப்பூச்சி, மழை, சேறு எல்லாம் உள்ள தோட்டத்தில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அந்த போன் முழுசாக இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது?

பண்டிகை சமயத்தில் தள்ளிவிடப்படும் போன்கள் பெரும்பாலும் போன வருஷ மாடல்கள். அப்டேட் வருஷங்களை நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ண மாட்டார்கள். மாடல் வெளியான நாளிலிருந்து எண்ணுவார்கள். நாலு வருஷ அப்டேட் உள்ள மாடலை ஒன்றரை வருஷம் கழித்து வாங்கினால் உங்களுக்கு மிஞ்சுவது இரண்டரை வருஷம். 16,000 ரூபாய் போன் 14,000க்குக் கிடைத்ததாகச் சந்தோஷப்படுவீர்கள். மாதக் கணக்கு போட்டால் முன்னது 333, பின்னது 467.

ஓணமா, தீபாவளியா? முன்பு இந்தக் கேள்விக்கு ஓர் அர்த்தம் இருந்தது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் 1 சதவீத வெள்ளச் செஸ் (கூடுதல் வரி) போட்டிருந்தார்கள்; 2019 ஆகஸ்டிலிருந்து 2021 ஜூலை வரை. அந்தக் காலத்தில் கம்பத்துக்கு இறங்கி வாங்கினால் அந்த ஒரு சதவீதம் மிச்சம். இப்போது இரண்டு பக்கமும் ஒரே ஜிஎஸ்டிதான். கம்பெனி வாரண்டியும் இந்தியா முழுக்கச் செல்லும், பில்லில் ஐஎம்இஐ நம்பர் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) சரியாக இருந்தால் போதும். கடைக்காரர் தனியாக விற்கும் 'எக்ஸ்ட்ரா வாரண்டி', 'டிஸ்பிளே புரொடெக்‌ஷன்' மட்டும் அந்தக் கடையின் கிளைகளோடு சரி. கோட்டயத்தில் ஓணத்துக்கு வாங்கிய பிளானைத் தேனியில் நீட்டினால் கையை விரிப்பார்கள்.

ஓணக் கடைகளில் ஸ்கிராட்ச் கார்டு, கார் பரிசுக் கூப்பன் எல்லாம் இருக்கும். லாட்டரிதான் வேண்டுமென்றால் குமுளி பஸ் ஸ்டாண்டு பக்கம் தனியாகவே கிடைக்கிறது, அதற்குப் போன் வாங்க வேண்டியதில்லை.

இது யாருக்கு: ஐபோன் வாங்குகிறவருக்கு. போன் நன்றாக ஓடுகிறது, ஆசைக்குத்தான் மாற்றுகிறேன் என்பவருக்கு. போனஸ் வந்தால்தான் கையில் ரொக்கம் என்பவருக்கு. கடன் இல்லாமல் வாங்குவதற்காக இரண்டு மாதம் பொறுப்பது நல்ல காரணம்.

## வழி நான்கு: செகண்ட் ஹேண்ட்

இதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தெரிந்தவரிடம், பில்லோடு, அப்டேட் இரண்டு வருஷமாவது மீதமுள்ள போன் என்றால் வாங்கலாம். எல்லை ஊர்களில் அந்தப் பக்கம் தொலைந்த போன் இந்தப் பக்கமும், இந்தப் பக்கம் தொலைந்தது அந்தப் பக்கமும் விற்பனைக்கு வருவதுண்டு. *#06# அழுத்தினால் ஐஎம்இஐ வரும். அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதைப் போட்டால் திருட்டுப் போனாக முடக்கப்பட்டதா என்று காட்டும். பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | சரிசெய்து ஓட்டுவது | இப்போதே புதுசு | பண்டிகை வரை பொறுப்பது | செகண்ட் ஹேண்ட் |
|---|---|---|---|---|
| கைச்செலவு | 1,000 முதல் 2,500 (பேட்டரி) | முழு விலை | கொஞ்சம் குறையலாம், ஏறவும் செய்யலாம் | பாதி விலை அளவில் |
| மாதக் கணக்கு | மிகக் குறைவு | அப்டேட் வருஷத்தைப் பொறுத்தது | பழைய மாடலாக இருந்தால் கூடிவிடும் | மீதி ஆயுளைப் பொறுத்தது |
| மறைமுகச் செலவு | டூப்ளிகேட் உதிரி | சார்ஜர், இஎம்ஐ வரி, பிராசஸிங் | சரியும் எக்ஸ்சேஞ்ச், இழந்த அப்டேட் மாதங்கள் | வாரண்டி இல்லை, திருட்டு அபாயம் |
| பணப் பாதுகாப்பு | அப்டேட் வந்தால் மட்டும் | நல்லது | காத்திருக்கும் மாதங்களில் பலவீனம் | பார்த்து வாங்கினால் சரி |
| சரியான ஆள் | குறை பேட்டரி, மெமரி | அப்டேட் நின்றவர் | ஐபோன், போனஸ்காரர் | தெரிந்தவரிடம் வாங்குபவர் |

## மலைக்கு வாங்குகிறவர்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டியது

5ஜிக்காகவே மாற்றலாமா என்று கேட்கிறார்கள். தோட்டத்துக்குள் 4ஜியே ஒரு கோடு, இரண்டு கோடு என்று இருக்கும் இடங்களில் 5ஜி போன் வாங்கி ஆகப்போவது ஒன்றுமில்லை. அதைவிட முக்கியம் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், மரக்கூட்டத்தையும் சுவரையும் ஓரளவு தாண்டும். பிஎஸ்என்எல் 4ஜிக்கும் ஜியோ 5ஜிக்கும் இது பயன்படுகிறது. போனின் விவரப் பட்டியலில் 4ஜிக்கு 'பி28', 5ஜிக்கு 'என்28' இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மாடல்களில் பலவற்றுக்கு இது கிடையாது. பிஎஸ்என்எல் சிம் வைத்திருப்பவருக்கு, போனை மாற்றக் கேமராவைவிட நியாயமான காரணம் இதுதான்.

மாற்றுவது என்று முடிவானால், மாற்றும் இடத்தையும் யோசியுங்கள். புது போனில் யுபிஐ ஆப் போட்டதும், உங்கள் சிம்மிலிருந்து தானாக ஒரு எஸ்எம்எஸ் போய்ச் சேர வேண்டும். டவர் தள்ளாடும் இடத்தில் அது தோற்றுக்கொண்டே இருக்கும். மலையிலிருந்து இறங்கி, நல்ல டவரில் உட்கார்ந்து செய்யுங்கள். ரீசார்ஜ் பிளானில் எஸ்எம்எஸ் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் எக்ஸ்சேஞ்ச் கொடுப்பதாக இருந்தால், புது போனில் வாட்ஸ்அப்பும் பேங்க் ஆப்பும் திறந்த பிறகே பழையதைக் கையைவிட்டுக் கொடுங்கள். கொடுக்கும்முன் கூகுள் அக்கவுண்டை நீக்கிவிட்டு ரீசெட் செய்யுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவர் கையில் அது பழைய பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கலாம், கடைக்காரர் உங்களைத் தேடி வருவார். ஆன்லைன் எக்ஸ்சேஞ்சில் இந்த அவகாசம் கிடையாது. டெலிவரித் தம்பி வாசலில் நின்றபடியே பழையதை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் போட்டோ, சாட், கான்டாக்ட் மூன்றையும் முந்தின ராத்திரியே பேக்கப் எடுத்து வைத்துவிடுங்கள்.